பத்தில் ஒரு பங்குக் கப்பல்

கொட்டாப்புளி கட்டுகிற கப்பல்களுக்கெல்லாம் ஒரே தலையெழுத்துதான்: இடிபட்டுச் சாவது. இரண்டு மாதம் உட்கார்ந்து தகடு வெட்டி, சட்டம் வைத்து, வெல்டிங் போட்டு, பெயிண்ட்கூட அடித்து நிறுத்துவாள். பிறகு ஒரு நாள் காலையில் நாலு டன் டிராலி ஒன்று சரிவுத் தண்டவாளத்தில் உருண்டு வந்து அதன் விலாவைக் கிழித்துப் போட்டுவிடும். மறுநாளே அடுத்த கப்பலுக்குத் தகடு வெட்டத் தொடங்குவாள். பன்னிரண்டு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு.

மரச் சுத்தியலை எந்நேரமும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். அவளிடம் ஒரு தடவை வாய் கொடுத்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். எப்படியானாலும், சம்பளப் பட்டியல் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை.

துறைமுகத்தை ஒட்டிய பழைய கொட்டகைதான் ஆய்வுக்கூடம். நிஜக் கப்பலை எவனும் இடிக்கத் தரமாட்டான் என்பதால், கப்பலின் நடுப்பகுதியை மட்டும் பத்தில் ஒரு பங்கு அளவில் அவள் செய்வாள். டிராலியின் முன்னால் இன்னொரு கப்பலின் மூக்கு மாதிரி ஓர் இரும்புக் கூர் இருக்கும். டிராலியைச் சரிவின் உச்சிக்கு இழுத்துப்போய்க் கொக்கியை விடுவிப்பது கிரேன்காரர் வேலை. அவர் அவளுடைய கணவர். அதே மோதலைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்ப்பவனுக்குக் கண்ணாடி அறை. எதைக் கேட்டாலும் மூன்று தசமத்துக்குக் குறையாமல் பதில் சொல்வதால் அவனுக்குத் தசமம் என்று பெயர். இரும்பு சொல்வதும் கணக்கு சொல்வதும் ஒத்துப்போனால் இந்தக் கப்பலுக்குப் பயமில்லை என்று அறிக்கை எழுதி இயக்குநர் கையெழுத்துப் போடுவார். இதுவரை நாற்பத்தொரு கப்பல்களுக்குப் போட்டிருக்கிறார்.

அந்த வருடம் மூடுபனிக் காலத்தில், காலை எட்டரை மணிக்கு, ஒரு பயணிகள் கப்பலின் விலாவில் சரக்குக் கப்பல் ஒன்று பின்பக்கம் நோக்கிச் சாய்வாக ஏறியது. அடிபட்டது கீழ்த்தளக் கூடம். அந்த ஒரு கூடம் முழுக்கத் தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கும்படி கட்டிய கப்பல் அது. ஆனால் தண்ணீர் பின்னாலிருந்த இன்ஜின் அறைக்கும் போனது. பதினோரு நிமிடத்தில் கவிழ்ந்து மூழ்கியது. மேல்தளத்தில் பத்திரமாக நின்றிருந்த டிக்கெட் பரிசோதகன், கீழே குழந்தைகள் கத்துகிறார்கள் என்று இறங்கிப் போனான். இரண்டு பேரை மேலே ஏற்றிவிட்டான். மூன்றாவது தடவை இறங்கியவன் ஏறவில்லை. ஒரு மணி நேரம் மிதந்திருந்தால் அவனும் வந்திருப்பான், கூட முப்பது பேரும் வந்திருப்பார்கள்.

அந்தப் பரிசோதகன் கொட்டாப்புளியின் கொழுந்தன். கிரேன்காரரின் ஒரே தம்பி.

கூடத்துக்கும் இன்ஜின் அறைக்கும் நடுவே ஓர் இரும்புக் குறுக்குச் சுவர், அந்தச் சுவரில் தண்ணீர் புகாத ஒரு கதவு. அடிபட்டதும் கதவைச் சாத்தி ஆறு கொண்டிகளையும் திருக வேண்டியது இன்ஜின் அறையில் எண்ணெய் போடும் ஆளின் பொறுப்பு. அந்த ஆள் பிழைத்துவிட்டான். சாத்தினேன், திருகினேன், உடனே விளக்கு அணைந்தது, இருட்டில் சுவர்ப் பக்கமிருந்து தண்ணீர் அறைந்து என்னைத் தூக்கி எறிந்தது என்று அவன் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. கப்பல் கிடக்கிற ஆழத்துக்கு மனிதர் இறங்கிப் பார்க்கவும் வழியில்லை. கரையில் காத்திருந்த கூட்டம் அவனைப் படகிலிருந்து இறக்கிய இடத்திலேயே செருப்பாலும் குடைக்கம்பியாலும் அடித்தது. போலீஸ் பிடுங்கி எடுத்தபோது முன்பல் இரண்டு இல்லை.

அவன் கொட்டாப்புளியின் கூடப்பிறந்த தம்பி.

விசாரணைக் குழு கப்பலின் வரைபடங்களை இதே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. கேள்வி ஒன்றுதான்: அந்த மோதலில் குறுக்குச் சுவர் கிழியுமா, கிழியாதா? கிழியும் என்றால் கதவு சாத்தியிருந்தும் பயனில்லை. கிழியாது என்றால் கதவு திறந்து கிடந்தது, எண்ணெய்க்காரன் முப்பத்தொரு பேரைக் கொன்றவன்.

வேறு ஆளை வைத்துக் கட்டச் சொல்லி அவள் இயக்குநரிடம் போய் நின்றாள். அவர் நிதானமாக யோசித்து, செத்தவன் அண்ணன் ஒரு பக்கம், குற்றவாளியின் அக்கா ஒரு பக்கம், இரண்டு பேரும் எதிரெதிராக இழுத்தால் தராசு நேராகத்தான் நிற்கும் என்று தீர்ப்புச் சொன்னார். வேறு வெல்டரும் அவரிடம் இல்லை என்பது அவர் சொல்லாத காரணம். விசாரணைக் குழுவும் தெரிந்தே ஒப்புக்கொண்டது.

வீட்டில் கிரேன்காரர் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். ஒரே சமையலறையில் ஒருவர் வந்தால் ஒருவர் வெளியே போவார்கள். ஒரு நாள் காலை அவரே வாசலை மறித்து நின்றார்.

"இடிச்சுப் பார்ப்போம். சுவர் கிழிஞ்சுதுன்னா உன் தம்பி கால்ல விழறேன். கிழியலன்னா, அவனை நான் பாத்துக்கறேன். நீ குறுக்க வரக் கூடாது."

"சரி" என்றாள் அவள். தம்பி பொய் சொல்லமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த திமிரில் சொன்ன 'சரி' அது.

அந்த மாடலை அவள் கட்டியதுபோல வேறெதையும் கட்டியதில்லை. தம்பிக்காகச் சுவரைச் சொத்தையாக வைத்தாள் என்று நாளைக்கு ஒரு நாக்கு புரளக் கூடாது. அதனால் குறுக்குச் சுவரின் நாலு ஓரத்திலும், இரண்டு பக்கமும், இடைவெளி இல்லாமல் வெல்டிங் ஓட்டினாள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தாள். கசியவில்லை. அவள் வெல்டிங் என்றைக்குக் கசிந்தது?

இடித்த நாள் விசாரணைக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றார்கள். கிரேன்காரர் கொக்கியை விட்டார். தண்டவாளம் அலறியது. நாலு டன்னும் மாடலின் விலாவில் இறங்கிய சத்தத்தில் கூரைத் தகரத்துத் துரு எல்லோர் தலையிலும் கொட்டியது. வெளித்தகடு வாய் பிளந்தது, உள்ளே சட்டங்கள் ஒவ்வொன்றாக முறிந்து பறந்தன, போல்ட் ஒன்று எகிறிக் கண்ணாடி அறையின் மூலையைத் தூளாக்கியது. கூர் கூடத்துக்குள் சாய்வாக முழுக்கப் புகுந்து, குறுக்குச் சுவரில் முட்டி, ஒரு முழம் தள்ளி, நின்றது. தூசி அடங்கும் முன்பே கிரேன்காரர் ஏணியிலிருந்து இறங்கி டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். சுவர் சட்டிபோலக் குழிந்திருந்தது. ஓரத்தில் ஒரு மயிரிழைகூடப் பிரியவில்லை.

தசமமும் திரையைப் பார்த்துச் சொன்னான். கணக்கிலும் சுவர் தாங்குகிறது. இதைவிட ஒன்று புள்ளி ஆறு நான்கு இரண்டு மடங்கு அடித்தால்தான் கிழியும்.

அவள் மாடலின் மேலேறி, குழிவை அளக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். தம்பி பொய் சொல்லிவிட்டானே. திரும்பியபோது கிரேன்காரரைக் காணவில்லை. சுவரில் கருவிகள் மாட்டும் பலகையில், ஒவ்வொன்றுக்கும் அதன் வடிவத்திலேயே வெள்ளைக் கோடு வரைந்திருக்கும். பெரிய ஸ்பேனரின் கோட்டுக்குள் வெறும் பலகைதான் இருந்தது.

அவள் ஓடினாள். தம்பி ஒரு டயர் கடையின் மாடியில் ஒற்றை அறையில் ஒளிந்திருந்தான். படியில் கால் வைக்கும்போதே சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினால், தம்பி முழங்காலிட்டிருக்கிறான். அவனுடைய வலது கையை ஜன்னல் திட்டில் வைத்துத் தன் முழங்கையால் அழுத்திக்கொண்டு கிரேன்காரர் ஸ்பேனரை இறக்குகிறார். விரல்கள் ஏற்கெனவே விரல்களாக இல்லை. திட்டிலிருந்து ரத்தம் சுவரில் வழிந்து கீழே கிடந்த பாயை நனைத்துக்கொண்டிருந்தது.

"சாத்தாத கைக்கு எதுக்குடா விரலு?" என்றார் அவர். கத்தவில்லை. கணக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

"சாத்தினேன் மச்சான். ஆறு கொண்டியும் திருகினேன்."

அடி இறங்கியது. அவன் திமிறவில்லை. அலறி முடித்து மறுபடியும் அதையே சொன்னான். அவர் இடது கையை எடுத்துத் திட்டில் வைத்தார். குறுக்கே வரமாட்டேன் என்று கொடுத்த வாக்கு அவள் காலைக் கட்டிப்போட்டது. அந்த நேரத்துக்குள் இடது கையிலும் இரண்டு அடி விழுந்துவிட்டது. அந்த இரண்டு அடிக்குப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. பிறகு இடுப்பிலிருந்த மரச் சுத்தியலை உருவி, கணவரின் தோள்பட்டையில் முழு பலத்தோடு போட்டாள்.

"விடுடா அவனை."

கல்யாணமான பதினாறு வருடத்தில் அவரை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. ஸ்பேனர் கீழே விழுந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதார். அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

மருத்துவமனையில் தம்பி, டயர் கடை மெஷினில் கை மாட்டிக்கொண்டது என்று எழுதச் சொன்னான். இரண்டு கையும் எப்படியப்பா ஒன்றாக மாட்டும் என்று டாக்டர் கேட்டதற்கு, "மாட்டிச்சு சார்" என்பதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. மச்சானை ஜெயிலுக்கு அனுப்பினால் அக்கா எங்கே போவாள் என்று அவனுக்குக் கவலை. வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். பொய் சொல்கிறவன் இப்படிச் சொல்லிக்கொண்டே அடி வாங்குவானா என்ற கேள்வி அவளை அன்று முழுக்க அரித்தது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கொட்டகையிலேயே ஒரு மூலையில் தங்கினாள். மறுநாள் காலை அடிபட்ட மாடலைக் காயலான் கடைக்காக வெட்டத் தொடங்கினாள். கோபம் முழுவதையும் கிரைண்டரில் ஏற்றிக் குறுக்குச் சுவரை அறுத்தாள். சீறித் தெறித்த பொறிக்கு நடுவே வெல்டிங் குறுக்காக அறுபட்டு, வெட்டுமுகம் பளபளவென்று தெரிந்தது. என்ன அழகு என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த கணம் கிரைண்டரை அணைத்தாள்.

சுவர்த் தகடு ஒன்றேகால் மில்லி. அதன் ஓரத்து வெல்டிங் மூன்று மில்லி, இரண்டு பக்கமும். பத்து மடங்கு ஆக்கினால், முப்பது மில்லி வெல்டிங். அப்படி எந்தக் கப்பல் கட்டுகிறவன் போடுவான்? வரைபடத்தை எடுத்து விரித்தாள். ஐந்து மில்லி, ஒரு பக்கம் மட்டும் முழுசாக. மறுபக்கம் விட்டு விட்டு. மாடலில் அது அரை மில்லி ஆக வேண்டும். அரை மில்லிக்கு எந்த வெல்டர் கையாலும் வெல்டிங் போட முடியாது என்பதால், முதல் நாளிலிருந்தே முடிந்த அளவுக்குப் போட்டு வந்தாள். தகட்டைப் பத்தில் ஒன்றாக்கினாள், சட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கினாள், வெல்டிங்கை மட்டும் ஆக்கவில்லை. அதுவும் இந்த முறை, நியாயமாக இருக்க வேண்டும் என்று வரைபடத்தை மீறிக் கூடுதலாக வேறு போட்டிருந்தாள்.

வெட்டிய துண்டைச் சூட்டோடு துணியில் சுற்றிக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனாள். சுவர் ஓரம் எவ்வளவு இழுபட்டால் கிழியும் என்ற எண் கணக்குக்குள் எங்கிருந்து வருகிறது என்று தசமத்திடம் கேட்டாள்.

"நீங்க மாதிரிக்கு வெல்டிங் போட்டுக் குடுக்கற துண்டுலேர்ந்துதான்க்கா. அதை இழுத்துப் பாத்துத்தான் போடறேன்."

"அப்ப என் மாடல் சரின்னு எப்படித் தெரியும்?"

"அதான் கணக்கோட ஒத்துப்போகுதே" என்று சொன்ன தசமம், சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்துவிட்டான். பன்னிரண்டு வருடமாக அவள் வெல்டிங்குக்கு அவன் கணக்கு சாட்சி, அவன் கணக்குக்கு அவள் வெல்டிங் சாட்சி.

இயக்குநர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். முகம் கறுத்துவிட்டது. மேஜைமேல் இருந்த அறிக்கைக் கட்டை அப்படியே அவள் காலடியில் வீசி அடித்தார்.

"நாப்பத்தொரு கப்பல் ஓடிட்டிருக்கும்மா கடல்ல. எல்லாத்துக்கும் பயமில்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப உன் தம்பிக்காக எல்லாத்தையும் தப்புங்கறியா?"

"தம்பிக்காகத்தான் பாத்தேன் சார். அவன் கை போகலன்னா பாத்திருக்கவே மாட்டேன், அதுவும் நிஜம். ஆனா நாப்பத்தொண்ணும் நான் போட்ட வெல்டிங். தப்பு என்னோடதுன்னு எழுதிக்கிறேன். நான் சொல்றதை நம்ப வேணாம். மூழ்கின கப்பலோட ஜோடி ஒண்ணு, அதே வரைபடத்துல கட்டினது, ரிப்பேர்ல நிக்குது. அதோட சுவர் ஓரத்துல ஒரு துண்டு வெட்டிட்டு வரச் சொல்லுங்க."

அவர் குனிந்து சிதறிக் கிடந்த காகிதங்களைப் பொறுக்கி மேஜைமேல் வைத்தார். பிறகு போனை எடுத்தார். நல்ல மனிதர்தான், கோபம் வந்தால் எதையாவது எறிவார் என்பதைத் தவிர.

ஜோடிக் கப்பலின் துண்டு நாலாவது நாள் வந்தது. விசாரணைக் குழுவின் ஆட்கள் முன்னிலையில் இழுக்கும் மெஷினில் மாட்டினார்கள். தகடு நீளக்கூட இல்லை. வெல்டிங் ஓரம் துப்பாக்கி வெடித்ததுபோல் தெறித்துத் துண்டானது. கொட்டாப்புளி போட்ட மாதிரித் துண்டு, அளவுக்கு ஏற்றபடி பார்த்தால், அதைவிட மூன்று மடங்கு தாங்கியிருந்தது.

இரண்டாவது மாடலுக்கு ஐந்து வாரம் ஆனது. இந்த முறை வெல்டிங் போட்டபின் அரத்தை எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, அரை மில்லி வரும்வரை அவளே ராவினாள். நல்ல வெல்டிங்கை ராவி மோசமாக்குவது அவளுக்குத் தன் பல்லைத் தானே ராவுவது மாதிரி இருந்தது. ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு மாதிரித் துண்டு செய்து மெஷினில் இழுத்து, ஜோடிக் கப்பல் கிழிந்த அதே பலத்தில் கிழிகிறதா என்று பார்த்தாள். விசாரணைக் குழு ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தியது.

கிரேன்காரர் தோளில் கட்டோடு வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். இடிக்கும் நாள் காலையில் அவள் அவரை மாடலுக்குக் கூப்பிட்டாள். குறுக்குச் சுவரில் அந்தக் கதவு ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது, ஆறு குட்டிக் கொண்டிகளோடு, திறந்தபடி.

"நீங்களே சாத்துங்க. நான் சாத்தினேன்னு பேச்சு வேண்டாம்."

அவர் அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. குனிந்து உள்ளே கைவிட்டுக் கதவைச் சாத்தினார். குறடால் ஆறு கொண்டிகளையும் ஒவ்வொன்றாகத் திருகினார். ஆறாவதைத் திருகிவிட்டு, முதலாவதிலிருந்து மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். பிறகு ஏணியில் ஏறினார்.

கொக்கி விடுபட்டது. தண்டவாளம் அலறியது. வெளித்தகடு பிளந்து, சட்டங்கள் முறிந்து, கூர் கூடத்தைக் கடந்து குறுக்குச் சுவரில் முட்டியது. இந்தத் தடவை அது நிற்கவில்லை. சுவரின் கீழ் ஓரம் ஒரே வெடியில் கழன்றது. பிறகு இடது ஓரம், தையல் பிரிவதுபோல, தரையிலிருந்து உச்சிவரை. தகடு சுருண்டு இன்ஜின் அறைக்குள் அறைந்து, மாடலையே பீடத்திலிருந்து பெயர்த்துத் தள்ளியது. ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்குச் சந்து. கப்பலில் அது பத்து மடங்கு.

தூசிக்குள் கிரேன்காரர் டார்ச்சோடு வந்தார். சுருண்டு தொங்கிய சுவரின் நடுவில், கசங்கிய தகட்டில், கதவு சாத்தியபடியே இருந்தது. அவர் ஒவ்வொரு கொண்டியாகத் தொட்டுப் பார்த்தார். ஆறும் அவர் திருகிய இடத்தில்தான் இருந்தன. சுவரின் கிழிந்த ஓரத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வடிவதை அவர் கவனிக்கவில்லை.

கொடுத்த அறிக்கை தப்பு, சுவர்களைத் திரும்பச் சோதியுங்கள் என்று கப்பல்காரர்களுக்குப் போக வேண்டிய நாற்பத்தொரு கடிதங்களுக்கும் இயக்குநர் அன்று மதியமே கையெழுத்துப் போட உட்கார்ந்தார். ஒவ்வொன்றின் கீழும் கொட்டாப்புளியின் சொந்தப் பெயர் இருந்தது. இனி அவளுக்கு வேலை உண்டா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கிரேன்காரர் கிளம்பிப் போவதைப் பார்த்துச் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். இந்த முறை கருவிப் பலகையில் எதுவும் குறையவில்லை.

டயர் கடை மாடியில் தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை கட்டுப்போட்டு மடியில் கிடந்தன. மச்சானைக் கண்டதும் அந்தக் கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு சுவரோடு ஒண்டினான். ஜன்னல் திட்டில் இன்னும் கறை இருந்தது.

கிரேன்காரர் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, நெற்றியை அவன் பாதத்தில் வைத்தார். தம்பிக்குச் சுவர் கிழிந்த செய்தி அப்படித்தான் தெரிந்தது. அவன் முகம் கோணி, பல் போன வாய் திறந்து, முதல் தடவையாகச் சத்தம்போட்டு அழுதான். பழக்கத்தில் குனிந்து மச்சானின் தோளைப் பிடித்துத் தூக்கப் போனான். கட்டுப்போட்ட கைகள் சட்டையில் பட்டு வழுக்கின.

"எந்திரிங்க மச்சான்" என்றான். "என்னால தூக்க முடியாது."

அவர் எழவில்லை. தம்பி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். கதவு நிலையில் சாய்ந்து நின்ற அவளுக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. அவள் தூக்கவில்லை.